ஏணைக்குப் பக்கத்தில் ஓர் ஆம்ப்

பார்சலைப் பிரித்தபோது உள்ளே இருந்த தெர்மகோலைக்கூட உடையாமல் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பிடிக்காவிட்டால் சில நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். ஆனால் பொருள் வந்தபடியே இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் எதுவும் வந்தபடியே இருந்ததில்லை. அதனால் கிடாரின் ஒலியைப் பெருக்குகிற அந்த ஆம்பை மேசைமேல் தூக்கி வைத்த நேரத்திலிருந்தே எனக்குப் பதற்றம்தான்.

அதுவரை எலெக்ட்ரிக் கிடாரை போனில் செருகி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் பழகினேன். ஏனாத்தூரில் என்னோடு படித்த நண்பன்தான் கிடாரில் எனக்கு முன்னோடி. அவன் இந்த ஆம்பைச் சொன்னான். முழு ட்யூப் ஆம்ப் என்றால் விலையும் அதிகம், எடையும் அதிகம். தெருவே கேட்கிற அளவுக்குத் திறந்தால்தான் அதன் நிஜக் குரல் வரும். இது பாதிக்குப் பாதி. முன்பகுதியில் ஒரே ஒரு கண்ணாடிக் குழாய், பழைய வால்வு ரேடியோக்களில் இருந்த வகை. பின்பகுதியில் சத்தத்தைப் பெருக்க இந்தக் காலத்து எலெக்ட்ரானிக் சில்லு. வீட்டில் பழகுகிறவனுக்கு இது தாராளம் என்றான். அவன் சொன்ன வீடு எந்த மாதிரி வீடு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். நீளமாக ஒரு கூடம், அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அப்புறம் சமையல்கட்டு. கூடத்தில் தறி. அப்பா குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்வார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்கிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு, ஊடை இழை சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவாள். அக்கா பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருந்தாள், நாலு மாதப் பெண் குழந்தையோடு. குழந்தையின் ஏணையைத் தறிக்குப் பக்கத்திலேயே உத்திரத்தில் கட்டியிருந்தோம். பழைய புடவையில் கட்டிய அந்த ஏணையிலிருந்து ஒரு கயிறு வந்து அம்மாவின் கால் கட்டைவிரலில் முடியும். கை நாடாவைத் தள்ளும், கால் குழந்தையை ஆட்டும். அக்காவும் நானும் அப்படி ஆட்டப்பட்டவர்கள்தான்.

பின்னறையில் ஆம்பை வைத்து, அவசரத்தில் எந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டேன். குழாய் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் மெல்ல ஆரஞ்சாக ஒளிர ஆரம்பித்ததை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கிடாரின் ஒயரைச் செருகினேன். மாஸ்டர் வால்யூம் முழுக்கத் திறந்திருந்தது.

அந்த வெடிச் சத்தத்தில் அப்பாவின் கால் தறியின் மிதிகட்டையிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் கையிலிருந்த நாடா தரையில் விழுந்து உருண்டது. அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாபா, சிலிண்டரா?" என்றார். இல்லை என்று சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, அடுப்பை ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

ஏணைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விரல்கூட அசையவில்லை.

"நாம எல்லாம் செத்துப் பொழச்சோம். அவளப் பாரு, மகாராணி," என்றார் அப்பா. தறிக்கூடத்தில் வளர்கிற பிள்ளை, இடி விழுந்தாலும் தூங்கும் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, அறைக்குத் திரும்பி, வால்யூமைக் குறைத்து வைத்து, கிடாரை மடியில் எடுத்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. அவ்வளவு சத்தத்துக்கு ஒரு குழந்தை ஏன் அசையவில்லை?

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பரிசோதனைகள். ஒன்று வீட்டுக்குத் தெரிந்தது, மற்றது தெரியாதது.

தெரிந்தது ஆம்பைப் பற்றியது. குறைந்த சத்தத்தில் சுத்தமான ஒலி கொஞ்சம் சோனியாக இருந்தது. கெய்ன் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் குழாய் வேலை செய்ய ஆரம்பித்து, ஸ்வரத்தின் ஓரங்கள் லேசாகக் கருகினாற்போல் ஒரு கதகதப்பு வரும். போனில் கேட்டதெல்லாம் அதற்கு முன்னால் படத்தில் வரைந்த சாப்பாடு. ஆனால் ஓர் இரைச்சல் இருந்தது. ஒயரைச் செருகியவுடன் ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு ரீங்காரம். கம்பிகளைக் கையால் தொட்டால் அது குறையும், கையை எடுத்தால் திரும்ப வரும். நண்பனிடம் கேட்டேன். ஆம்பில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை என்றான். எங்கள் வீட்டு ஒயரிங் என் தாத்தா காலத்தில் ஒரு பல்புக்காகப் போட்டது. அதிலிருந்துதான் இன்று மிக்சி, மோட்டார், டிவி எல்லாம் கிளை பிரிந்திருக்கின்றன. அதை மாற்றுவதா, ஆம்பைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய முடியாமல் கட்டிலுக்கடியில் இருந்த தெர்மகோலை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன்.

தெரியாத பரிசோதனை குழந்தையைப் பற்றியது. அவள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, விளையாட்டுக் காட்டுகிறேன் என்று பின்னறையில் பாய் போட்டுப் படுக்க வைப்பேன். ஆம்பை மெதுவாக வைத்து ஒரு கம்பியைத் தட்டுவேன். முதல் நாள் அவள் தலையைத் திருப்பி ஆம்பையே பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் தெரிந்தது, அவள் பார்ப்பது முகப்பு வலைக்குள் தெரிந்த ஆரஞ்சு வெளிச்சத்தை. அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு மறுபடி தட்டினேன். அவள் விட்டத்துக் கொக்கியைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். தடித்த கம்பி, மெல்லிய கம்பி, சுத்தமாக, கரகரப்பாக, எல்லாம் தட்டிப் பார்த்தேன். ஒருமுறை திரும்பினாள். ஆனால் அதே சமயம் அம்மா வாசற்படியில் நிழலாடினாள். குழந்தை எதற்காகத் திரும்பியது என்று யாரைக் கேட்பது?

போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்த வயதில் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும், பின்னாலிருந்து கூப்பிட்டால் கண்ணாவது தேட வேண்டும் என்றார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தால் குழந்தை வாயெல்லாம் சிரிப்பாகும். பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் கை தட்டினேன், கொட்டாவி விட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, காலேஜுக்கும் போனவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க் செய்தி, மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் சந்தேகமாகச் சொல்வதும் அங்கே தீர்ப்பாகிவிடும். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஒருவேளை கிட்னியில் கல்லாக இருக்கலாம் என்று ஒருதடவை சொன்னேன். அன்றோடு வீட்டில் தக்காளி நின்றது. டாக்டர் பார்த்துவிட்டுக் கல்லெல்லாம் இல்லை என்றார். தக்காளி இன்னும் திரும்பி வரவில்லை. இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அக்காவின் மாமியார் வீட்டார் ஐயம்பேட்டைக்கு அப்பால் பயிர் வைக்கிறவர்கள். ஐந்து மாதம் முடிந்த பிறகு நல்ல நாள் பார்த்து வந்து, தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தறி ஓடும்போது செய்கிற பரிசோதனை சரியாக இருக்காது என்று தோன்றியது. பகல் முழுக்கத் தறி நிற்பது அமாவாசையன்று மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. குழந்தை காலையிலிருந்து அழுதது. தூக்கினால் அழுகை, கீழே விட்டால் அழுகை, கண் சொருகும், உடனே திடுக்கென்று விழித்து மறுபடி அழும். பிறந்ததிலிருந்தே ஒவ்வோர் அமாவாசைக்கும் இப்படித்தான். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட்டாள். நாள் தோஷம், வளர வளரச் சரியாகும் என்றாள். அழுகிற குழந்தையிடம் என்ன பரிசோதனை செய்வது. ஆம்பை அன்று நான் போடவே இல்லை.

அதற்கு மறுநாள், தறி மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, பின்னறையில் துண்டால் மூடிய ஆம்புக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். குழந்தை பாயில் இருந்தது. அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஈரத் துணிகளைக் கட்டில்மேல் போட்டுவிட்டு எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பாட்டு பழகலடா. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன்."

நான் ஆம்பின் மேலிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"நானும் தட்டப் போட்டுப் பாத்தேன். அவ பின்னாடி நின்னுக்கினு சொம்ப உருட்டிவுட்டுப் பாத்தேன். சும்மா கை தவறிச்சின்னு அம்மாகிட்ட சொன்னேன்." துணியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அவளுக்குக் காது கேக்குதா, கேக்கலியா? படிச்சவன்தானே, சொல்லு."

"தெரியலக்கா."

"தெரியலன்னு நீ சொல்றது இதான் மொத வாட்டி," என்றாள். சொல்லிவிட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மாமியார் வீட்டார் வருவதற்குள் தெரிந்துவிட வேண்டும், எதுவானாலும் அவர்கள் வாயால் நாம் கேட்கக்கூடாது, நாம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். எங்கே போக வேண்டும் என்று பார்த்துவை என்றாள். இதை அவள் எனக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் ஒரே கவலையை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தடுப்பூசி என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். காது பரிசோதிக்கும் இடம் பஸ்ஸில் வெகுதூரம். வழியெல்லாம் குழந்தை தூங்கியது. டிரைவர் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நான் அதன் இமைகளைப் பார்த்தேன். ஒரு ஹாரனுக்கும் அவை துடிக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அங்கே பரிசோதனை செய்கிற பெண் எங்களைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். பொறுமையாக விளக்கினார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டுவார்கள். காதில் மெல்லிய சத்தம் போகும். மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். வலி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, குழந்தை தூங்க வேண்டும்.

அதற்கென்று இருந்த அறையின் சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வராந்தாவில் ஒரே கூட்டம், டோக்கன் கூப்பிடுகிற குரல், யாரோ இருமுகிறார்கள். அந்தச் சந்தடியில் அக்காவின் தோளில் குழந்தை அசந்து தூங்கியது. அப்படியே உள்ளே கொண்டுபோய், கனமான கதவைச் சாத்தியதும் விழித்துக்கொண்டு வீறிட்டது. வெளியே வந்தோம், தூங்கியது. மறுபடி உள்ளே போனோம். என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவதே கேட்கும் போலிருந்தது, அவ்வளவு அமைதி. குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதது. பால் கொடுத்தாள், தட்டிக்கொடுத்தாள், எழுந்து நின்று ஆட்டினாள். கண் சொருகும், உடனே திடுக்கென்று விழிக்கும். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள் வரலாம் என்றார். வீட்டில் சொல்ல எங்களிடம் இன்னொரு தடுப்பூசி இல்லை.

அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சலித்துக்கொண்டாள். "அமாவாசைக்குப் படுத்தற மாதிரியே படுத்தறாளேடா."

நான் சுவரைப் பார்த்தேன். மெத்தை ஒட்டிய சுவர். கனமான கதவு. தறி இல்லை, பஸ் இல்லை, ஹாரன் இல்லை. இரவில் தலைமாட்டில் கடகடவென்று ஓடுகிற டேபிள் ஃபேன்கூட இல்லை. அந்த ஃபேனைப் பகலில் நாங்கள் போட மாட்டோம், காற்றில் பட்டிழை அலையும். ஆக, எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாத பகல் என்று ஒன்று இருந்தால் அது அமாவாசைதான்.

நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "மேடம், எங்க வீட்டுல தறி ஓடும். வயித்துல இருக்கும்போதிலிருந்தே அந்தச் சத்தம்தான். அமாவாசைக்குத் தறி நிக்கும். அன்னைக்கெல்லாம் பாப்பா தூங்கவே தூங்காது. சத்தம் நின்னுடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும், காது கேக்கலன்னா?"

அவர் சிரிக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. டெஸ்ட் முடியட்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு, தறிச் சத்தம் போனில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஆம்ப் எப்படி என்று நண்பனுக்குக் காட்ட நான் வாசித்துப் பதிவு செய்து அனுப்பியது. ஆம்ப் நல்லா இருக்குது, பின்னால அந்த டக்குடக்கு இன்னாடா என்று பதில் போட்டிருந்தான். அதைப் போட்டேன். முதலில் ஆம்பின் ரீங்காரம், அப்புறம் அப்பாவின் தறி, அதற்கு மேலே தப்புத் தப்பாக என் கிடார். ஒரு பாட்டு முடிவதற்குள் அக்காவின் கைமேல் குழந்தையின் தலை கனத்துச் சாய்ந்தது. நன்றாக ஆழ்ந்த பிறகு போனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஒயர்களை ஒட்ட ஆரம்பித்தார்.

வராந்தாவில் என்னை உட்காரச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் யோசித்தது சரியாக இருக்கலாம். நான் படித்தவன், எனக்குத் தோன்றியது, அதனால் சரி என்று நானே நம்பிக்கொள்கிறேனோ என்றும் இருந்தது. தக்காளி நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தது. "ரெண்டு காதும் கேக்குது," என்றார் அந்தப் பெண். சத்தத்திலேயே வளர்ந்ததால் சத்தம் அதைப் பயமுறுத்தவில்லை, அவ்வளவுதான் என்றார். ஆறு மாதம் கழித்து இன்னொருமுறை காட்டச் சொன்னார். அத்தோடு விடவில்லை. இவ்வளவு சின்னக் காதுக்கு அந்தச் சத்தம் ஆகாது, ஏணையைத் தறிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். கதவைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, உங்கள் பாட்டுப் பெட்டியையும் மெதுவாக வையுங்கள் என்றார்.

பஸ்ஸில் அக்கா இரண்டு சமோசா வாங்கி, இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.

வீட்டில் உண்மையைச் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். எங்ககிட்ட சொல்லாம போனீங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு எழுந்து ஏணையை அவிழ்த்தார். பின்னறையில் விட்டத்துக் கொக்கியில், ஆம்புக்கு நேர்மேலே, அதைக் கட்டினார். அம்மா கயிற்றை இன்னொரு கயிற்றோடு முடிந்து நீளமாக்கி, கதவு வழியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து விரலில் மாட்டிக்கொண்டாள். தறி ஓடும்போது சாத்திய கதவின் இடுக்கில் அந்தக் கயிறு போய்வந்துகொண்டிருக்கும். நான் ஆம்பை மூலைக்கு நகர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன், திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த கெடு நாங்கள் பஸ்ஸில் போன அன்றே முடிந்துவிட்டிருந்தது. தெர்மகோலை எடுத்து வெளியே போட்டேன்.

அடுத்த அமாவாசை வந்தது. தறி நின்றது. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தது. அம்மா பழக்கத்தில் உப்பை எடுக்கப் போனாள். நான் ஆம்பைப் போட்டு, குழாய் ஒளிரும்வரை பொறுத்து, வால்யூமை மிகக் குறைவாக வைத்து, கிடாரைச் செருகி மடியில் வைத்துக்கொண்டேன். கம்பிகளைத் தொடவில்லை. ‘ம்ம்ம்’ என்று அந்த ரீங்காரம் எழுந்தது. இத்தனை நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு எர்த்தின் குரல். சிணுங்கல் மெல்ல மெல்ல நின்றது.

அக்கா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளை அழைத்துப்போக வருகிறார்கள். "எங்க ஊட்ல தறி கெடையாதுடா. அங்க ராப்பகலா தவளதான். இந்தப் பொட்டியக் குடுத்தனுப்புவியா?" என்றாள் தாழ்ந்த குரலில். விளையாட்டாகக் கேட்கிறாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை. பார்க்கலாம்க்கா என்றேன்.

அவள் சமையல்கட்டுக்குப் போன பிறகு, குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டது, கொஞ்சம் வாசிக்கலாம் என்று கையைக் கம்பிகள்மேல் வைத்தேன். ரீங்காரம் சட்டென்று அடங்கியது. புடவை மடிப்புக்குள் குழந்தையின் நெற்றி சுருங்கியது, உதடு பிதுங்கியது. கையை எடுத்தேன். ரீங்காரம் திரும்ப வந்தது. நெற்றி நேரானது.

இன்னொருமுறை கையை வைத்தேன். நெற்றி சுருங்கியது. எடுத்தேன்.

மூன்றாம் தடவையும் வைக்கப் போனேன். சமையல்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "போதும்டா. தூங்கட்டும் உடு."